பைத்தானிலிருந்து ஜாவாவை ஓடவிடுவது எப்படி? தோட்ட அலுவலகக் கணினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கணக்குப் போடுவது ஒரு பழைய ஜாவா நிரல். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) யார் யார் வந்தார்கள், யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று தண்டல் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) கொடுக்கும் கணக்கைச் சேர்த்துச் சரிபார்ப்பது புதிதாக எழுதிய பைத்தான் நிரல். மாதக் கடைசியில் கிராணி (அலுவலக எழுத்தர்) பைத்தானை ஓட்டி, வந்த எக்செல் கோப்பைத் திறந்து, பத்தி பத்தியாக நகலெடுத்து ஜாவா நிரலின் திரையில் ஒட்டுகிறார். 400 பேர் கணக்கில் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் போதும், ஒருவர் வெட்டிய குலை அடுத்தவர் சம்பளத்தில் ஏறிவிடும்.

பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பைத்தானிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மழை நாள் கூலி, பொது விடுமுறை வேலை, உதிரிப் பழம், பழுக்காத குலைக்குப் பிடித்தம் என்று பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திச் சேர்ந்த விதிகள் அதற்குள் இருக்கின்றன. அவற்றில் பாதி எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. ஜாவா தன் கணக்கைப் போடட்டும். பைத்தான் அதை ஓடவிட்டு விடையை வாங்கிக்கொள்ளட்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நீங்களே வைக்கும் மாறிப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 அதை ஏற்கும்.

இரண்டுக்கும் நடுவே போவது என்ன

ஒரு நிரல் இன்னொன்றை ஓடவிடும்போது மொழி குறுக்கே வருவதே இல்லை. பைத்தான் இயங்குதளத்திடம் "இந்தக் கோப்பை ஓட்டு" என்று கேட்கிறது. விண்டோஸில் அது கிரியேட்பிராசஸ் என்ற ஒரே அழைப்பு. லினக்ஸில் ஃபோர்க், எக்ஸெக் என்று இரண்டு. எழும்பி வரும் புதிய ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) தனி நினைவகம். பைத்தானுக்குள் இருக்கும் ஒரு மாறியும் அதற்குத் தெரியாது. அதன் கைக்குப் போய்ச் சேருபவை கட்டளைச் சொற்கள், சூழல் மாறிகள் (இயங்குதளம் நிரல்களுக்குக் கொடுத்து வைக்கும் பெயர்-மதிப்புகள்), நடப்பு ஃபோல்டர், பிறகு ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர் என்ற மூன்று வழிகள். இனி அவற்றை உள்வழி, வெளிவழி, பிழைவழி என்றே சொல்வோம். வேலை முடிந்ததும் ஒரு முடிவு எண் திரும்பி வரும். 0 என்றால் நலம், வேறு எதுவானாலும் கோளாறு.

தண்டல் ஒருவரை வேலைக்கு அனுப்பும்போது எந்தக் காடு, எத்தனை நிரை என்று சொல்லித்தான் அனுப்புவார். இங்கேயும் அப்படித்தான். உங்கள் கணினியில் ஓடி, அலுவலகக் கணினியில் ஓடாத நிரல்களில் பெரும்பாலானவை, மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் "அதுவே தெரிந்துகொள்ளும்" என்று விட்டவைதான்.

முதல் வேலை: கையால் ஓட்டிப் பாருங்கள்

பைத்தானைத் தொடுவதற்கு முன் கட்டளை தட்டும் டெர்மினல் திரையைத் திறந்து ஜாவா நிரலை நேரடியாக ஓட்டுங்கள். ஜாவா எங்கே இருக்கிறது என்று விண்டோஸின் சிஎம்டியில் (அதன் கட்டளைத் திரையில்) "வேர் ஜாவா", லினக்ஸில் "விச் -ஏ ஜாவா" என்று கேட்டு, முழுப் பாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாதை வந்தால் ஒவ்வொன்றுக்கும் "-வெர்ஷன்" போட்டுப் பாருங்கள். ஜாவா 8-ம் 17-ம் ஒரே கணினியில் இருப்பது வெகு சாதாரணம். 17-க்குத் தொகுத்த ஜார் கோப்பை (ஜாவா நிரலைக் கட்டி வைத்த கோப்பை) 8 ஓட்டாது.

நிரல் முடிந்தவுடன் முடிவு எண்ணையும் பாருங்கள். விண்டோஸின் சிஎம்டியில் "எக்கோ %எரர்லெவல்%", லினக்ஸில் "எக்கோ $?". வேண்டுமென்றே ஒரு தப்பான கோப்பைக் கொடுத்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் 0 வந்தால், அந்த நிரல் பிழையை உள்ளுக்குள் பிடித்து, திரையில் ஒரு வரி எழுதிவிட்டு, நல்லபடியாக முடிந்ததாகச் சொல்கிறது என்று அர்த்தம். அதைத் திருத்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிழையைப் பிடிக்கும் இடத்தில் "சிஸ்டம்.எக்ஸிட்(2)" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பழைய நிரல் ஜன்னல் திறந்து பொத்தான் அழுத்தினால்தான் ஓடும் என்றால், கணக்குப் போடும் வகுப்பை மட்டும் கூப்பிடுகிற தனி மெயின் வகுப்பு ஒன்று எழுத வேண்டும். கணக்கும் ஜன்னலும் ஒரே வகுப்பில் பின்னிக் கிடந்தால் அதைப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய பகுதி. இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஓட்டும்போது "-டிஜாவா.ஏடபிள்யூடி.ஹெட்லெஸ்=ட்ரூ" என்று சேர்த்துவிடுங்கள். இது இல்லாவிட்டால், பிழை வரும்போது "சரி" பொத்தானோடு ஒரு சிறு பெட்டி யார் கண்ணுக்கும் தெரியாத திரையில் திறந்து, அழுத்த ஆளில்லாமல் விடியும்வரை காத்துக் கிடக்கும். சேர்த்திருந்தால் உடனே பிழை எழுப்பி நின்றுவிடும்.

பேச்சுமுறையை ஒரு தாளில் எழுதுங்கள்

இரண்டு நிரல்களும் எப்படிப் பேசிக்கொள்ளும் என்பதை நிரல் எழுதும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். நாங்கள் பரிந்துரைப்பது இது: பைத்தான் உள்வழியில் ஒரு ஜேசான் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) அனுப்பும், ஜாவா வெளிவழியில் ஒரே ஒரு ஜேசான் தரும், "தொடங்கியது", "200 பேர் முடிந்தது" போன்ற சேதிகளெல்லாம் பிழைவழியில் மட்டும் போகும். பழைய ஜாவா நிரல்களில் "சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என்" எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். அவற்றில் ஒன்று வெளிவழியில் கலந்துவிட்டாலும் பைத்தான் "முதல் எழுத்திலேயே ஜேசான் இல்லை" என்று நின்றுவிடும். தேடித் தேடி "சிஸ்டம்.எர்ர்" ஆக்குங்கள்.

முடிவு எண்களையும் பிரித்து வையுங்கள். 0 நலம், 2 வந்த தகவலில் குறை, 3 விகிதப் பட்டியல் கோப்பைக் காணோம். 1-ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடிபடாத பிழையால் விழுந்தால் ஜாவாவும் பைத்தானும் தாங்களாகவே 1 தரும். 1 வந்தாலே "எதிர்பாராதது" என்று உடனே தெரிய வேண்டும். லினக்ஸில் முடிவு எண் 0 முதல் 255 வரைதான். 256 என்று கொடுத்தால் 0 ஆகிவிடும், அதாவது நலம் என்று பொய் சொல்லும்.

தகவலின் வடிவத்தில்தான் சம்பளம் கெட்டுப்போகும் இடங்கள் இருக்கின்றன. பணத்தை வெள்ளியாகப் புள்ளி போட்டு அனுப்பாதீர்கள். சென் கணக்கில் முழு எண்ணாக அனுப்புங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் இரண்டு மொழிகளுமே 0.30000000000000004 என்றுதான் தரும். எடையை முழுக் கிலோவாக அனுப்புங்கள். தொழிலாளி எண் எண்ணே அல்ல, அது ஒரு பெயர். மேற்கோள் குறிக்குள் "0073" என்று போக வேண்டும், இல்லையென்றால் 73 ஆகிவிடும். தேதியை 2025-07-04 என்று ஆண்டு முதலில் வரும்படி எழுதுங்கள். நம் ஊரில் 04/07 என்றால் ஜூலை 4. அதே கணினியில் அமெரிக்க அமைப்பில் இருக்கும் நிரல் அதை ஏப்ரல் 7 என்று படிக்கும். நாளும் மாதமும் இரண்டும் 12-க்குள் இருக்கும்வரை பிழைச் செய்தியே வராது.

பெயரைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. மலேசியத் தமிழர் பெயர்களில் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு வரும். சம்பளச் சீட்டை ஆள் பெயரில் சேமிக்கலாம் என்று பெயரை அப்படியே கோப்புப் பெயராக்கினால், விண்டோஸும் சரி, லினக்ஸும் சரி, சாய்கோட்டை ஃபோல்டர் பிரிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். "ஏ" என்று முடியும் ஃபோல்டர் இல்லை என்று நிரல் நிற்கும். கோப்புக்குத் தொழிலாளி எண்ணையே பெயராக வையுங்கள். ஆள் பெயர் உள்ளே இருக்கட்டும்.

அழைக்கும் வரி

பைத்தானில் இதற்கு உரியது சப்பிராசஸ் தொகுதியின் "ரன்". பழைய குறிப்புகளில் வரும் "ஓஎஸ்.சிஸ்டம்" வேண்டாம், அது வெளிவழியைக் கையில் தராது. முழு அழைப்பும் இப்படி இருக்கும்:

முடிவு = சப்பிராசஸ்.ரன்(
[ஜாவா_பாதை, "-எக்ஸ்எம்எக்ஸ்512எம்", "-டிஜாவா.ஏடபிள்யூடி.ஹெட்லெஸ்=ட்ரூ", "-ஜார்", ஜார்_பாதை, "--மாதம்", "2025-07"],
இன்புட்=அனுப்பும்_ஜேசான்,
கேப்சர்_அவுட்புட்=ட்ரூ,
என்கோடிங்="யூடிஎஃப்-8",
சிடபிள்யூடி=வேலை_ஃபோல்டர்,
என்வி=சூழல்,
டைம்அவுட்=120)

கட்டளை ஒரே நீள வரியாக இல்லாமல் பட்டியலாக இருப்பதைக் கவனியுங்கள். அலுவலகக் கணினியில் பயனர் ஃபோல்டர் பெரும்பாலும் "பெஜாபாட் லாடாங்" என்று நடுவே இடைவெளியோடு இருக்கும்; உள்ளே "காஜி ஜூலாய்" என்று இன்னொரு ஃபோல்டர். ஒரே வரியாக எழுதி ஷெல் (தட்டும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) வழியே விட்டால் இடைவெளியில் வெட்டுப்பட்டு, "பெஜாபாட்" வரைக்கும் ஒரு பாதை, "லாடாங்" என்று தொடங்கும் இன்னொரு சொல் என்று இரண்டாகிவிடும். பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் தனி உறுப்பு. இடைவெளி, மேற்கோள் எதுவானாலும் அப்படியே போய்ச் சேரும்.

"ஷெல்=ட்ரூ" போடாதீர்கள். குத்தகைக்காரர் பெயரில் "&" இருந்தால் ஷெல் அதை அடுத்த கட்டளையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். யாராவது கெட்ட எண்ணத்தோடு பெயர்க் கட்டத்தில் ஒரு கட்டளையையே எழுதிவைத்தால் அதுவும் ஓடும். விண்டோஸில் பேட்ச் கோப்பை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) அழைத்தால் ஷெல் வேண்டாம் என்று சொன்னாலும் சிஎம்டி உள்ளே நுழைந்துவிடும். ஆகவே நடுவே பேட்ச் கோப்பு வைக்காமல் ஜாவாவையே நேராக அழையுங்கள்.

"-எக்ஸ்எம்எக்ஸ்512எம்" என்பது நினைவக உச்சவரம்பு. சொல்லாவிட்டால் ஜாவா கணினியின் மொத்த நினைவகத்தில் கால் பங்குவரை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினியில் எக்செலும் உலாவியும் திறந்திருக்கும்போது அது உறுத்தும். 400 பேர் கணக்குக்கு 512 எம்பி தாராளம்.

சூழலைத் தயாரிக்கும்போது "ஓஎஸ்.என்விரான்.காப்பி()" என்று இருப்பதை நகலெடுத்து, அதன்மேல் உங்களுடையதைச் சேருங்கள். வெறும் அகராதியில் ஒரே ஒரு மாறியை மட்டும் வைத்து அனுப்பினால், பிள்ளை நிரலுக்கு (நீங்கள் ஓடவிட்ட நிரலுக்கு) அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்காது. விண்டோஸில் சிஸ்டம்ரூட் என்ற மாறி போய்விட்டால் சில நிரல்கள் எழும்பவே எழும்பாது.

கடவுச்சொல்லைக் கட்டளைச் சொல்லாக அனுப்பவே கூடாது. ஓடும் ப்ராசஸ்களின் பட்டியலைத் திறந்து பார்க்கும் எவருக்கும் கட்டளை வரி முழுவதும் தெரியும். உள்வழியில் அனுப்புங்கள்.

"செக்=ட்ரூ" என்று ஒரு வசதி உண்டு; முடிவு எண் 0 இல்லாவிட்டால் பைத்தான் தானாகவே பிழை எழுப்பும். நாங்கள் அதைப் போடுவதில்லை. அந்தப் பிழைச் செய்தியில் கட்டளையும் எண்ணும் மட்டும்தான் இருக்கும், ஜாவா பிழைவழியில் எழுதிய காரணம் இருக்காது. "முடிவு.ரிட்டர்ன்கோட்" எண்ணை நீங்களே பாருங்கள், 0 இல்லையென்றால் "முடிவு.எஸ்டிடிஎர்ர்" முழுவதையும் தேதியோடு ஒரு பதிவுக் கோப்பில் எழுதுங்கள். மாதக் கடைசி இரவில் தொலைபேசியில் கேட்கும்போது கிராணி வாசித்துக் காட்டக்கூடியது அந்தக் கோப்பு ஒன்றுதான்.

தமிழ் எழுத்து சிதையும் இடம்

"தோட்டம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி என்று ஏழு. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 21 பைட். இதை ஒற்றை பைட் குறியீட்டில் படிக்கும் நிரலுக்கு 21 விசித்திரக் குறிகள் தெரியும். திரையில் குப்பையாகத் தெரிந்தாலும் தகவல் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சரியான குறியீட்டில் மறுபடி படித்தால் திரும்பி வரும். ஆனால் "???????" என்று வந்தால் ஜாவா தன்னால் எழுத முடியாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது என்று பொருள், அது போனது போனதுதான். இரண்டையும் பிரித்தறிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.

ஜாவா 18 முதல் கோப்புகளுக்கு யூடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது, ஆனால் வெளிவழிக்கு அல்ல. பதிப்பை நம்பாமல், ஜாவா நிரலின் தொடக்கத்திலேயே வெளிவழிக்கு யூடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு பிரிண்ட்ஸ்ட்ரீம் உருவாக்கி அதில் மட்டும் எழுதுங்கள். உள்வழியையும் யூடிஎஃப்-8 ரீடர் வைத்துப் படியுங்கள்.

இன்னும் உறுதியான வழியும் உண்டு. பைத்தானின் "ஜேசான்.டம்ப்ஸ்" இயல்பாகவே தமிழ் எழுத்தை ஆறு ஆறு ஆங்கிலக் குறிகளாக மாற்றித்தான் எழுதும். "தோட்டம்" 42 குறிகளாகும். பார்க்க அழகில்லை என்று "என்ஷூர்_ஆஸ்கி=ஃபால்ஸ்" போட்டு நிறுத்துகிறார்கள். குழாயில் (இரண்டு நிரல்களையும் இணைக்கும் உள்வழி, வெளிவழியில்) போகும் தகவலுக்கு நிறுத்தாதீர்கள். அந்த வடிவத்தில் போனால் நடுவே எந்தக் குறியீடு இருந்தாலும் எழுத்து சிதையாது. ஜாவாவில் ஜாக்சன் நூலகம் பயன்படுத்தினால் "எஸ்கேப்_நான்_ஆஸ்கி" அமைப்பு இதையே மறுதிசையில் செய்யும்.

எழுத்து சரியாக வந்தும் பெயர் பொருந்தாமல் போவது இன்னொரு வகை. "தோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டாவது வகையில் "தோட்டம்" 24 பைட் ஆகிவிடும். பெயரை ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றுங்கள்: பைத்தானில் யூனிகோட்டேட்டாவின் "நார்மலைஸ்", ஜாவாவில் "நார்மலைசர்".

சோதனையில் ஓடி, சம்பள நாளில் நின்றுபோவது

இந்த வேலையில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். 20 பேர் பட்டியலோடு சோதித்தால் இரண்டே விநாடியில் முடிகிறது. 400 பேரோடு ஓட்டினால் அசைவே இல்லை; பிழையும் இல்லை, முடிவும் இல்லை.

காரணம் குழாயின் கொள்ளளவு. லினக்ஸில் ஒரு குழாய் இயல்பாக 65,536 பைட் பிடிக்கும். விண்டோஸில் அதைவிடக் குறைவு. ஓர் ஆளுக்குச் சுமார் 300 பைட் விடை என்றால் 20 பேருக்கு 6,000 பைட், அப்படியே குழாயில் தங்கிவிடும். 400 பேருக்கு 1,20,000 பைட். 219-வது ஆளின் விடை பாதியில் இருக்கும்போதே குழாய் நிறைகிறது. யாராவது மறுமுனையில் எடுத்தால்தான் ஜாவா அடுத்ததை எழுத முடியும். பைத்தானோ "பிஓப்பன்" (நிரலை ஓடவிட்டு உடனே திரும்பும் அழைப்பு) போட்டுவிட்டு "வெயிட்()" என்று ஜாவா முடியக் காத்திருக்கிறது. ஜாவா பைத்தானுக்காக, பைத்தான் ஜாவாவுக்காக.

"ரன்" அல்லது "கம்யூனிகேட்" பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வராது. இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே இருக்கும். "பிஓப்பன்", "வெயிட்", பிறகு "ரீட்" என்ற வரிசையில் எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். வெளிவழியை மட்டும் வாசித்துப் பிழைவழியை மறந்தாலும் இதே கதிதான். எச்சரிக்கைகள் நிறைய எழுதும் நிரல் பிழைவழி நிறைந்து நிற்கும். உள்வழியை மூடாமல் விட்டால், இன்னும் தகவல் வரும் என்று ஜாவா காத்திருப்பதும் உண்டு.

இதைச் சோதிக்க உண்மைப் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஆளின் பதிவை 5,000 முறை நகலெடுத்து அனுப்புங்கள். நிற்காமல் முடிந்தால் குழாய்ப் பக்கம் பயமில்லை.

சேதி உடனுக்குடன் வராமல் கடைசியில் மொத்தமாக வருவது வேறு விஷயம். அது பிள்ளை நிரல் தன் பக்கம் சேர்த்து வைத்து எழுதுவதால் வருவது. பைத்தான் போன்றவற்றில் திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியேறும்; குழாய்க்கு எழுதும்போது சேர்ந்த பிறகுதான். ஜாவாவில் நீங்கள் உருவாக்கிய பிரிண்ட்ஸ்ட்ரீமுக்கு "ஃப்ளஷ்" கூப்பிடுங்கள். பிள்ளை நிரல் பைத்தான் என்றால் "-யூ" சேருங்கள்.

காலக்கெடுவும் பேரப்பிள்ளைகளும்

சாதாரணமாக எடுக்கும் நேரத்தைப் போல ஐந்து மடங்கு காலக்கெடு வையுங்கள். 20 விநாடி வேலைக்கு 100 முதல் 120 விநாடி சரி. கெடு தாண்டினால் "ரன்" பிள்ளை நிரலைக் கொன்றுவிட்டுப் பிழை எழுப்பும்.

ஆனால் அது பிள்ளையை மட்டும்தான் கொல்லும். நடுவே பேட்ச் கோப்போ ஷெல்லோ இருந்தால் செத்தது அது. உண்மையில் வேலை செய்யும் ஜாவா பேரப்பிள்ளை. அது ஓடிக்கொண்டே இருக்கும், வெளிவழிக் குழாயையும் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் பைத்தான் குழாய் மூடக் காத்திருக்க, காலக்கெடு இருந்தும் நிரல் தொங்கும். நேராக ஜாவாவை அழைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். வேறு வழியே இல்லையென்றால் லினக்ஸில் "ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ" போட்டு "கில்பிஜி"யால் குழுவையே நிறுத்துங்கள்; விண்டோஸில் "டாஸ்க்கில்" கட்டளைக்கு "/டி /எஃப்" சேர்த்தால் கிளைகளோடு போகும்.

தானாக ஓடவிடும்போது

இரவு 11 மணிக்குத் தானாக ஓட்டலாம் என்று விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டதும், பகலில் ஓடியது ஓடாமல் போகும். "ஸ்டார்ட் இன்" கட்டம் காலியாக இருந்தால் நடப்பு ஃபோல்டர் விண்டோஸின் சிஸ்டம்32 ஆகிவிடும், "விகிதம்.ஜேசான்" என்று வெறும் பெயரில் திறந்த கோப்பு அங்கே இருக்காது. பெரிய அலுவலகத்தோடு இணைத்து எழுத்துப் பெயர் கொடுத்த நெட்வொர்க் டிரைவ், நீங்கள் உள்நுழைந்த அமர்வுக்குச் சொந்தம். ஷெட்யூலருக்கு அது தெரியாது. லினக்ஸில் நேரப்படி நிரல் ஓட்டும் கிரானில் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) மிகக் குறுகியது, தனியாக நிறுவிய ஜாவா அதில் இல்லாமல் இருக்கலாம். மருந்து ஒன்றுதான்: எல்லாப் பாதையையும் முழுப் பாதையாக எழுதுங்கள். பைத்தான் கோப்பு இருக்கும் ஃபோல்டரை "__ஃபைல்__" மூலம் எடுத்து அங்கிருந்து கட்டுங்கள்.

மத்தியான இடிமழையில் மின்சாரம் போவது தோட்டப்புறத்தில் புதிதில்லை. சம்பளக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பாதிக் கோப்பு மிஞ்சும், அதைத் திறப்பவருக்கு அது பாதி என்று தெரியாது. விடையை முதலில் அதே ஃபோல்டரில் ".தற்காலிகம்" என்ற பின்னொட்டோடு எழுதி, "ஃப்ளஷ்", "எஃப்சிங்க்" கூப்பிட்டு மூடி, பிறகு "ஓஎஸ்.ரிப்ளேஸ்" மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பழைய முழுக் கோப்பு அல்லது புதிய முழுக் கோப்பு, இரண்டில் ஒன்று இருக்கும்.

மறுதிசை: ஜாவாவிலிருந்து பைத்தான்

இங்கே பிராசஸ்பில்டர் வகுப்பைப் பயன்படுத்துங்கள். "ரன்டைம்.எக்ஸெக்"குக்கு ஒரே வரியாகக் கட்டளை கொடுத்தால் அது இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும், மேற்கோள் குறி போட்டாலும் மதிக்காது. ஜாவா 18-இலிருந்து அந்த வடிவம் கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

பைத்தான் கோப்பை நேராக ஓட்டச் சொன்னால் விண்டோஸ் 193 என்ற பிழை தரும். அது ஓடும் நிரல் அல்ல, வெறும் எழுத்துக் கோப்பு. முதல் சொல் பைத்தான் நிரலின் முழுப் பாதையாகவும் இரண்டாவது சொல் உங்கள் கோப்பாகவும் இருக்க வேண்டும். தனிச்சூழல் (வெர்ச்சுவல் என்விரான்மென்ட்) வைத்திருந்தால் அதை "ஆக்டிவேட்" செய்யத் தேவையில்லை. அதன் "ஸ்கிரிப்ட்ஸ்" ஃபோல்டரில் உள்ள பைத்தானை, லினக்ஸில் "பின்" ஃபோல்டரில் உள்ளதை, நேராக அழைத்தால் நூலகங்கள் தாமாக வரும். "-எக்ஸ் யூடிஎஃப்8" சேருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் தமிழ்ப் பெயரை அச்சிடும் முதல் வரியிலேயே "சார்மேப்" பிழையோடு விழும்.

ஜாவாவில் "கம்யூனிகேட்" போல ஒன்று இல்லை. பிழைவழியை "ரீடைரக்ட்எரர்" மூலம் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, வெளிவழியைக் கடைசிவரை வாசித்த பிறகு "வெயிட்ஃபார்" கூப்பிடுவது எளிய வழி. ஜேசான் வரும் வெளிவழியோடு பிழைவழியைக் கலக்கும் "ரீடைரக்ட்எரர்ஸ்ட்ரீம்" இங்கே பொருந்தாது.

எண்ணைப் பார்த்துக் காரணம் அறிய

விண்டோஸ் பிழை 2 என்றால் அந்தப் பாதையில் நிரல் இல்லை. 267 என்றால் நீங்கள் கொடுத்த நடப்பு ஃபோல்டரே இல்லை. 9009 என்றால் சிஎம்டிக்குக் கட்டளை தெரியவில்லை. பைத்தானை அழைக்கும்போது வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரின் வெற்றுக் குறுக்குவழி குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். 3221225477 நினைவக அத்துமீறல். 3221225781 ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம். லினக்ஸ் ஷெல்லில் 127 கட்டளை இல்லை, 126 ஓட்ட அனுமதி இல்லை, 137 யாரோ கொன்றார்கள். அந்த 137 பைத்தானில் -9 என்று தெரியும். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து இயங்குதளமே கொன்றிருக்கும். விண்டோஸில் திருத்திய கோப்பை லினக்ஸில் வைத்ததும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்தால், முதல் வரியின் முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறிதான் காரணம்.

எத்தனை முறை அழைப்பது

ஆளுக்கு ஒரு முறை ஜாவாவை எழுப்பாதீர்கள். எழும்ப 0.3 விநாடி என்றாலும் 400 பேருக்கு 120 விநாடி, கணக்கே போடாமல் எழும்புவதற்கு மட்டும். எல்லாரையும் ஒரே ஜேசானில் அனுப்புங்கள். எடைப்பாலத்தில் லாரி ஏறும் ஒவ்வொரு முறையும் உடனே விடை வேண்டும் என்பது போன்ற வேலைக்கு ஜாவாவை ஓடியபடியே வைத்து, 127.0.0.1 முகவரியில் சின்ன எச்டிடிபி சேவையாக அழைப்பது பொருத்தம். மாதம் ஒரு முறை ஓடும் சம்பளத்துக்கு அது தேவையில்லாத சுமை.

எல்லாம் இணைந்த பிறகு, கொடுத்து முடித்த மூன்று மாதச் சம்பளத்தைப் புதிய வழியில் மறுபடி ஓட்டி, ஆளுக்கு ஆள், சென்னுக்குச் சென் ஒப்பிடுங்கள். அந்த மூன்றில் பெருநாள் விடுமுறையும் மழையும் வந்த மாதம் ஒன்று இருக்கட்டும். ஒரு சென் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை கிராணி பழைய முறையிலேயே போடட்டும்.